வெருகலை எந்த மெட்டில் பாடுவது?

வணக்கம் சேர்,

பாடசாலை விழாவில் சின்னப் பிள்ளைகளுக்கு மரத்துவக்குக் கொடுத்து ஆடவிடக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாயைப் பாடமாகப் படித்தவர்கள் நாங்கள். வீரத்தைப் பாடாதே என்பது செத்தவர்களை அவமதிப்பதில்லையா?

வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பி,

செத்தவர்களுக்கு விளக்கு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. வேறு வழியில்லாமல் துவக்கெடுத்தவனின் கதையையும் சொல்லத்தான் வேணும், முழுக்க. மேடையில் பத்து வயதுப் பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிய, முன்வரிசை கைதட்டுகிறதே, அதோடுதான் எனக்கு வழக்கு.

ஒக்கூர் மாசாத்தியாரின் அந்தத் தாய் கணவனையும் போரில் இழந்தவள். மகனின் பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி வாரி, கையில் வேலைக் கொடுக்கிறாள். மேடைக்கு வேல் மட்டும் வருகிறது, எண்ணெய் வருவதில்லை. அதே புறநானூற்றின் 45ஆம் பாட்டை ஏன் விட்டீர்கள்? உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி, வெளியே முற்றுகையிட்டு நலங்கிள்ளி. இருவர் கழுத்திலும் ஆத்தி மாலை. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று நேரே சொன்னார் கோவூர் கிழார்.

எங்களுக்கு அது பழங்கதையில்லை. 2004 ஏப்ரல் 10, பெரிய வெள்ளிக்கு மறுநாளும் ஓயாத, வெருகல் ஆற்றங்கரைச் சண்டை. வன்னியிலிருந்து வந்த புலிகள் ஒரு பக்கம், புலிகளிலிருந்து பிரிந்த கிழக்குத் தளபதி கருணாவோடு நின்றவர்கள் மறுபக்கம். ஒரே இயக்கத்தில் ஒன்றாக நின்றவர்கள். அதற்குப் பிறகு இயக்கத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் புலிகள் திரும்பவும் பிடித்துப் போவார்கள் என்று பயந்து ஒளித்து வைத்த தாய்மார் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்தி எந்த மெட்டில் பாடப்போகிறீர்கள்?

1990ஐயும் எடுங்கள். ஆகஸ்ட் 3 இரவு, மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர் 9, வடக்கே சத்துருக்கொண்டானில் குழந்தை குஞ்சு என்று பாராமல் ஊர்ச்சனத்தை இராணுவம் கொன்றது. இரண்டுக்கும் நடுவே அஞ்சு கிழமைதான். எங்கள் விழாவில் போடும் வெற்றிப்பாட்டு அடுத்த ஊருக்கும் கேட்கும், தம்பி. போர் முடிந்த மே மாதத்தில் தெற்கில் போடும் வெற்றிப்பாட்டு எங்களுக்குக் கேட்பதுபோல.

மேடையில் போர்தான் வேணும் என்று பாடசாலை அதிபர் நின்றால், எங்கள் வடமோடிக் கூத்து இருக்கிறது. பாரதப்போரின் பதின்மூன்றாம் நாளை எடுங்கள். சக்கரவியூகத்துக்குள் போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாத பொடியன் அபிமன்யு. அவனை உள்ளே அனுப்பியவர்கள் பெரியவர்கள். பின்னால் வருகிறோம் என்று சொன்னவர்களால் வரமுடியவில்லை. வீரமும் அதில் குறைவில்லை, ஆட்டத்துக்கும் பஞ்சமில்லை. கூத்துப் பழக்கும் ஊர் அண்ணாவியாரைப் போய்க் கேளுங்கள். ஒரு தவணையில் பழக்க ஏலாது என்று முதலில் சத்தம் போடுவார். அடுத்த வருட விழாவுக்கு என்று சொல்லி இப்போதே தொடங்குங்கள்.