மலையகத்துக்கு 8×42 பைனாகுலரா, 10×42 ஆ?

ஹோர்ட்டன் சமவெளியும் நுவரெலியாவும் சுற்றப் போகிறீர்கள், நல்ல பைனாகுலர் ஒன்றுக்குக் காசும் சேர்த்துவிட்டீர்கள், எது வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். என் பதில் 8×42.

பெரிதாகக் காட்டும் 10×42 தானே நல்லது என்றுதான் கடையில் தோன்றும். 8, 10 என்பவை எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது; 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். அதை 8ஆல் வகுத்தால் 5.25, 10ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது; அகலம் கூடினால் மங்கலிலும் காட்சி வெளிச்சமாகத் தெரியும். விடியற்காலை மூடுபனியில் புல்வெளி ஓரம் நிற்கும் மரையைப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். படியேறி மூச்சு வாங்கும் நேரத்தில் 10 மடங்கில் கைநடுக்கமும் கூடவே பெரிதாகும். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவை கிளைக்குக் கிளை தாவும். 8 மடங்கில் போலப் பார்வைப்பரப்பு அகலமாக இருந்தால்தான் அது பிடிபடும்.

அப்புறம், இங்கே மழையையும் பனியையும் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நீர்புகாததும் நைதரசன் நிரப்பியதுமாக வாங்குங்கள், உள்ளே ஆவி படியாது. வெளிக்கண்ணாடியில் படியத்தான் செய்யும், பருத்தித் துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். ஈரத்தோடு உறைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். என் பழைய பைனாகுலர் அப்படித்தான் போனது.

மூக்குக்கண்ணாடி போடுபவரானால், கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே விடக்கூடிய தூரம் (eye relief) 16 மி.மீ.க்குக் குறையாததைத் தேடுங்கள். சுவரோவ்ஸ்கி, சைஸ், லைக்கா மூன்றும் தரமானவை. கையில் பிடித்துப் பார்த்து எது பொருந்துகிறதோ அதை எடுங்கள். பாரம்தான் தொல்லை என்றால் 8×32 போதும், வெளிச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.