அனலாக் சேவை நிறுத்தம்: அந்தக் கடிதம் சொல்லும் 'அரசு உத்தரவு' எங்கே?

கேள்வி (2008 ஜனவரி): அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், சாண்ட்ஹில்ஸ் என்ற மணல்மேட்டுப் பகுதியில், சிறிய மருத்துவமனை ஒன்றில் மருத்துவராகப் பணிபுரிகிறேன். வீட்டிலிருந்து ஐம்பது மைல் போக வேண்டும். வழித்துணை என்றால் காரில் பொருத்திய பழைய அனலாக் செல்பேசி (டிஜிட்டலுக்கு முந்தைய வகை) ஒன்றுதான். 2007 மே மாதம் அதே போனுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தேன். டிசம்பர் நடுவில் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அரசு உத்தரவின்படி 2008 பிப்ரவரி 18 அன்று அனலாக் சேவை நிறுத்தப்படுகிறது, டிஜிட்டல் போனுக்கு மாறிக்கொள்ளவும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டிஜிட்டல் போனை இரவல் வாங்கிப் பார்த்தேன். பாதி வழிக்கு மேல் சிக்னல் கிடைக்கவில்லை. விலகிக்கொள்கிறேன் என்றால் 175 டாலர் கட்டச் சொல்கிறார்கள். வீட்டுத் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் அனலாக்கில்தான் இயங்குகிறது. நிறுத்துவதைத் தடுக்க முடியுமா? அந்த 175 டாலரை நான் கட்டத்தான் வேண்டுமா?

பதில்: டாக்டர், தடுக்க முடியாது. பணத்தைக் கட்ட வேண்டியதில்லை என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தருவதே அவர்கள் கடிதத்தில் உள்ள 'அரசு உத்தரவின்படி' என்ற சொல்தான்.

அப்படியொரு உத்தரவு இல்லை. 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் உரிமம் பெற்ற செல்பேசி நிறுவனங்கள் அனலாக் சேவையை அளித்தே தீர வேண்டும் என்று, தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஃபெடரல் தகவல் தொடர்பு ஆணையம் முன்பு விதி வைத்திருந்தது. எந்த ஊர் போனும் எந்த ஊரிலும் வேலை செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். 2002இல் அந்தக் கட்டாயத்தை நீக்க ஆணையம் முடிவெடுத்தது; காதுக் கருவி அணிபவர்களையும் அவசர அழைப்புக்கு மட்டும் பழைய போனை வைத்திருப்பவர்களையும் மனத்தில் கொண்டு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் முடியும் நாள்தான் பிப்ரவரி 18. எச்சரிக்கைக் கருவித் துறையினர் தவணை நீட்டிப்புக் கேட்டார்கள். 2007 ஜூனில் ஆணையம் மறுத்துவிட்டது. ஆக, அன்றைக்கு நீங்குவது அனலாக் சேவையை அளித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும்தான். பிப்ரவரி 19 அன்றும் அனலாக் கோபுரத்தை ஓட்ட விரும்பும் நிறுவனத்தை எந்த விதியும் தடுக்கவில்லை. அணைப்பது உங்கள் நிறுவனத்தின் வணிக முடிவு. அந்த முடிவை எடுக்க அதற்கு உரிமை உண்டு; பழியை அரசின் தலையில் போட்டு ஒப்பந்தப் பொறுப்பிலிருந்து நழுவ உரிமை இல்லை.

சேவை நிறுத்தத்துக்கு நீதிமன்றத் தடை ஆணை ஏன் கிடைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கம்பிவழித் தொலைபேசி நிறுவனம் ஓர் ஊரில் சேவையை நிறுத்த வேண்டுமானால் 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 214ஆம் பிரிவின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். செல்பேசி நிறுவனங்களுக்கு ஆணையம் 1994இலேயே இதிலிருந்து விலக்கு அளித்துவிட்டது. செல்பேசி வசதியான கூடுதல் பொருளாக இருந்த காலத்து விலக்கு அது. ஐம்பது மைல் மணல்மேட்டுச் சாலையில் அது உயிர்க்கயிறாகிப் போன பிறகும் அப்படியே நீடிக்கிறது என்பது என் வருத்தம். அதே சட்டத்தின் 332ஆம் பிரிவு, செல்பேசிச் சேவையின் நுழைவையும் கட்டணத்தையும் மாநிலங்கள் ஒழுங்குபடுத்தக் கூடாது என்கிறது. எனவே நெப்ராஸ்கா நீதிபதி எவரும் கோபுரத்தை ஓட்டச் சொல்லி ஆணையிட மாட்டார். ஆனால் அதே பிரிவு 'மற்ற நிபந்தனைகளை' மாநிலங்களுக்கு விட்டுவைத்திருக்கிறது. ஒப்பந்த மீறலும் நுகர்வோரை ஏமாற்றுவதும் அந்த வாசல் வழியாக உள்ளே வரும்.

இப்போது ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளருக்குப் பாதகமான முக்கிய மாற்றத்தை நிறுவனம் செய்தால் அவர் கட்டணமின்றி விலகலாம் என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. கூடவே, அறிவிப்பு வந்த இத்தனை நாளுக்குள் விலக வேண்டும் என்றும் இருக்கும். உங்களுக்குக் கடிதம் வந்தது டிசம்பர் நடுவில்; இப்போது 2008 ஜனவரி. நாட்களை எண்ணிப் பார்த்து, காலக்கெடு தாண்டுவதற்குள் பதிவுத் தபாலில் விலகல் கடிதத்தை அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

அந்த வரி இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். 2007 மே மாதம் உங்கள் கையெழுத்தை வாங்கியபோது, ஒன்பது மாதத்தில் அந்தப் போன் செத்துவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். விதி 2002இலேயே வந்துவிட்டது. தெரிந்தும் சொல்லாமல் இரண்டு ஆண்டுக்குக் கட்டிப்போட்டது மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி கேள்விக்குரியது. கார்களில் வரும் ஆன்ஸ்டார் என்ற அவசர உதவித் தொடர்புக் கருவிகள் பற்றி இதே வகையில் தொடுக்கப்பட்ட வழக்குகள் மிச்சிகன் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு பிடியும் இருக்கிறது. அனலாக்கை நிறுத்தும் நிறுவனம் வாடிக்கையாளருக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பு ஒரு முறையும், 30 நாள் முன்பு மறுபடியும் அறிவிக்க வேண்டும் என்று ஆணையம் 2007இல் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அக்டோபர் 18க்குள் முதல் கடிதம் வந்திருக்க வேண்டும். பழைய பில் உறைகளை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்; பில்லுக்குள் சின்ன எழுத்தில் ஒரு சீட்டு செருகியிருந்தால் அதைத்தான் அறிவிப்பு என்று காட்டுவார்கள். எதுவும் இல்லையென்றால் ஆணையத்திடம் முறைசாராப் புகார் எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் புகார் நிறுவனத்தின் சட்டப் பிரிவு மேசைக்குப் போனதுமே 175 டாலர் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் சிறுதொகை வழக்கு நீதிமன்றம். ஒப்பந்தத்தில் நடுவர் மூலமே தீர்வு என்ற நிபந்தனை இருந்தாலும், சிறுதொகை வழக்குக்குப் பொதுவாக அதில் விலக்கு இருக்கும். நெப்ராஸ்காவில் அங்கே வக்கீல்களுக்கு அனுமதி இல்லை என்பதால் எதிர்த்தரப்பும் வக்கீலை அனுப்ப முடியாது. என் தொழிலுக்கு நட்டம், உங்களுக்கு லாபம்.

எச்சரிக்கைக் கருவி தனி ஒப்பந்தம், தனி நிறுவனம். புதிய கருவிக்கு யார் பணம் கொடுப்பது என்பதை அந்த ஒப்பந்தத்தின் வாசகம்தான் தீர்மானிக்கும். ஆனால் சமிக்ஞை போய்ச் சேராத மாதங்களுக்குக் கண்காணிப்புக் கட்டணம் கேட்டால் எதிர்த்து வாதாடலாம். வீட்டுக் காப்பீட்டில் அந்தக் கருவிக்காகத் தள்ளுபடி வாங்கியிருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் திருட்டு நடந்த பிறகு தகராறு வரும்.

மாநிலத் தலைநகர் லிங்கனில் உள்ள மாநிலப் பொதுச் சேவை ஆணையத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அந்த ஐந்து உறுப்பினர்களும் வாக்குக் கேட்டு வருகிறவர்கள். எல்லா ஊருக்கும் தொலைபேசிச் சேவை கிடைக்க உதவும் உலகளாவிய சேவை நிதியிலிருந்து, கிராமப்புறச் சேவைக்கென்று உங்கள் நிறுவனம் பணம் பெறுகிறதா என்று கேளுங்கள். பெறுகிறது என்றால், எந்த மைல் கல்லிலிருந்து எந்த மைல் கல் வரை டிஜிட்டல் சிக்னல் இல்லை என்று குறித்து அனுப்புங்கள். காரில் பொருத்தும் அனலாக் போனின் திறன் 3 வாட். கையடக்க டிஜிட்டல் போன்களில் பல அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. சிக்னல் ஏன் பாதியில் நிற்கிறது என்பதற்கு இதுவே பெரும் காரணம். வண்டியில் சிக்னல் பெருக்கி வைத்துக்கொள்வதானால் நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு வையுங்கள்.

கடைசியாக, பழைய போனை '911க்காவது உதவும்' என்று காரிலேயே விட்டுவைக்க வேண்டாம். சந்தா இல்லாத போனிலிருந்து வரும் 911 அழைப்பையும் நிறுவனங்கள் அனுப்பிவைக்க வேண்டும் என்ற விதி உண்மைதான். ஆனால் பிடித்து அனுப்ப அனலாக் கோபுரம் ஒன்று உயிரோடு இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு முதியவர்கள் யாராவது அப்படி ஒரு போனை இழுப்பறையில் வைத்திருந்தால் அவர்களிடமும் பிப்ரவரி 18க்கு முன் சொல்லிவிடுங்கள்.