நால்வர் ஆட்டத்தில் முதலில் வீழ்வது ஏன்?

கேள்வி: மெஜிக் த கெதரிங் சீட்டாட்டத்தின் கொமாண்டர் முறையில் நண்பர்கள் நால்வர் விளையாடுகிறோம். தொடக்கத்திலேயே என் படை பெருகிவிடுகிறது. ஆனாலும் மூவரும் சேர்ந்து என்னையே முதலில் வெளியேற்றுகிறார்கள். நான் என்ன செய்யலாம்?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: படை சீக்கிரமே பெருகுவதுதான் சிக்கல். ஒவ்வொருவரும் 40 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவதால் நீங்கள் கரைக்கவேண்டியவை 120 புள்ளிகள். அதற்கான வலிமை சேருமுன்னரே பலசாலியாகத் தோன்றினால், மற்ற மூவரையும் நீங்களே கூட்டணியாக்கிவிடுகிறீர்கள்.

எதிராளி ஒருவரின் சாதாரண உயிரினத்தை அழிக்க ஒரு சீட்டைச் செலவிட்டால், உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சீட்டு குறைய, வேடிக்கை பார்த்திருந்த மற்ற இருவரும் செலவின்றி முன்னேறுகிறார்கள். ஆகவே அத்தகைய சீட்டுகளை, உங்களைத் தோற்கடிக்கக்கூடியவற்றுக்கென்றே கையில் வைத்திருங்கள். களத்து உயிரினங்கள் அனைத்தையும் அழிக்கும் 'ராத் ஒஃப் கோட்' போன்ற சீட்டோ மூவரின் உழைப்பை ஒரேயடியாகத் துடைத்துவிடும். அது எதிராளியிடமும் இருக்கலாம் என்பதால், கையிலுள்ள உயிரினங்கள் எல்லாவற்றையும் இறக்கிவிடாதீர்கள்.

தாக்குவதற்காகப் பக்கவாட்டில் சாய்த்த உயிரினச் சீட்டு பொதுவாக உங்கள் அடுத்த முறை வரும்வரை நிமிராது; அதுவரை அதனால் எதிராளியின் தாக்குதலைத் தடுக்கவும் முடியாது. இடையில் மூவர் உங்களைத் தாக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் சீட்டுக்கட்டின் தலைவரான தளபதியையும் அவசரப்பட்டு இழக்காதீர்கள்: தளபதிக்கென ஒதுக்கிய இடமான கட்டளை வலயத்திலிருந்து மீண்டும் இறக்கும் ஒவ்வொரு தடவையும் செலவு 2 மனா (சீட்டுகளை இறக்கச் செலவிடும் சக்தி) கூடுதலாகும்.

பேரமும் பேசுங்கள். வாக்கைக் காப்பாற்றும்படி விதி எவரையும் கட்டாயப்படுத்தாது என்றாலும், அதே நண்பர்களுடன் அடுத்த வாரமும் விளையாடவேண்டுமே!