ஐடிலிங் நிற்காத ரோட்டரி காரை வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, நான் காரைக்குடி. கானாடுகாத்தானில் ஒரு வீட்டு கார் ஷெட்டில் 1984 மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-7 நிற்கிறது. அந்த வீட்டு ஐயா மலேசியாவிலிருந்து திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தது, இப்போது விற்கிறார்கள். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் ஆர்பிஎம் 400, 500 என்று இறங்கி, வண்டி முழுக்க உதறி, ஆஃப் ஆகிவிடுகிறது. கூட வந்த மெக்கானிக் "ரிங் போச்சு, போர் போட்டு பிஸ்டன் மாற்றணும்" என்கிறார். வீட்டுக்காரர்கள் "கார்புரேட்டரைக் கழுவினால் போதும்" என்கிறார்கள். யார் சொல்வதை நம்பி வாங்குவது?

பதில்: தம்பி, அது ரோட்டரி எஞ்சின், அந்த வண்டியில் பிஸ்டனே கிடையாது. ரிங், வால்வு எதுவும் கிடையாது, பிறகு எங்கே போர் போடுவது? அவர் மேல் குற்றமில்லை, நம் பக்கத்தில் இந்த எஞ்சினைத் திறந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் அவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்துவிடாதீர்கள்.

உள்ளே இருப்பது முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர். ஒவ்வொன்றும் 573 சிசி, இடுப்பு ஒடுங்கிய முட்டை மாதிரியான அறைக்குள் சுற்றும். முக்கோணத்தின் மூன்று முனையிலும் கம்பி போல ஒரு சீல், அபெக்ஸ் சீல் என்பார்கள், அதுதான் இங்கே ரிங் செய்யும் வேலையைச் செய்கிறது. ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மன்காரரின் யோசனை இது. மஸ்டா 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் போட்டது, ஆர்எக்ஸ்-7 வந்தது 1978-ல்.

ஐடிலிங், அதாவது காலை எடுத்தபிறகு எஞ்சின் சும்மா ஓடும் வேகம், 750 ஆர்பிஎம் வாக்கில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் எங்கோ ஏர் இழுக்கிறது, அல்லது பிளக்கில் கரண்டு ஒழுங்காக வரவில்லை, அல்லது கார்புரேட்டர் அடைத்திருக்கிறது, இதெல்லாம் சின்னச் செலவு. சீல் தேய்ந்திருந்தால்தான் பெரிய செலவு, ஏனென்றால் மஸ்டா இந்தியாவில் கார் விற்பதே இல்லை, சாமான் ஜப்பானிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வரவழைத்து சுங்கமும் கட்ட வேண்டும். விலை பேசுவதற்கு முன்னால் இந்த இரண்டில் எது என்று தெரிந்தாக வேண்டும். ஒரு காலைப்பொழுதில் கண்டுபிடித்துவிடலாம்.

காதால் கேட்டே சீலைச் சோதிக்கலாம். ஒரு ரோட்டருக்கு இரண்டு பிளக், கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். இக்னிஷன் காயில் ஒயர்களைக் கழற்றிவிட்டு, முன் ரோட்டரின் லீடிங் பிளக்கை மட்டும் எடுத்துவிட்டு, ஒருவரை உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அந்த ஓட்டையிலிருந்து பஃப், பஃப், பஃப் என்று ஒரே அளவாக, ஒரே பலத்தில் காற்று வரவேண்டும், முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு ஒரு பஃப். மூன்றில் ஒன்றோ இரண்டோ இடத்தில் பஃப் வராமல் வெறும் 'ஸ்ஸ்' என்று போனால் சீல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு, பின் ரோட்டருக்கும் இதையே செய்யுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபிறகு ஆஃப் பண்ணி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை அழுத்தும் பலம், குறைந்த ரோட்டரி சூட்டில்தான் அடம்பிடிக்கும்.

மூன்று பஃப்பும் சமமாக இருந்தால் சந்தோஷப்படலாம், மீதியெல்லாம் வெளி வேலை.

அதில் என் முதல் சந்தேகம் ரப்பர் ஹோஸ் மேல்தான். இந்த வண்டியில் கார்புரேட்டரைச் சுற்றி ஹோஸ்கள் எலிக்கூடு மாதிரி பின்னிக் கிடக்கும், நாற்பது வருஷ ரப்பர் அப்பளம் மாதிரி நொறுங்கும், ஷெட்டில் நின்ற வண்டியென்றால் நிஜ எலியும் கடித்திருக்கும். இப்போது பம்பில் வருகிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலும் அந்தக் காலத்து ரப்பருக்கு ஆகாது. எங்கள் வீட்டு மாருதி 800-ல் இதே ஐடிலிங் கோளாறுக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் கார்புரேட்டரையே மாற்றவைத்தார்கள், மாற்றியும் உதறியது, கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் விரல் நீள ஹோஸில்தான் வெடிப்பு இருந்தது. அந்தப் பணம் போனது இன்னும் மனசில் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு ஹோஸாக மெதுவாக நசுக்கிப் பிடியுங்கள், பிரேக் பூஸ்டருக்குப் போவதையும் சேர்த்து. எதைப் பிடித்தால் ஐடிலிங் ஏறி நிதானமாகிறதோ அதன் வழியாகத்தான் ஏர் போகிறது. சிலர் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துக் கண்டுபிடிப்பார்கள். இந்த எஞ்சினில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், காற்று உள்ளே போவதும் புகை வெளியே வருவதும் ஒரே பக்கம், ஸ்பிரே நேராகக் கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேல் விழுந்து தீப்பிடிக்கும்.

அப்புறம் பிளக். எஞ்சினை நிறுத்தி ஒரு லீடிங் ஒயரைக் கழற்றி எர்த் பண்ணிவிட்டு ஸ்டார்ட் செய்தால், ஐடிலிங் கண்டிப்பாகக் கெட வேண்டும். கெடவே இல்லையென்றால் அந்த ரோட்டர் முன்பிருந்தே வேலை செய்யவில்லை. டிரெய்லிங் ஒயரைக் கழற்றினால் பெரிதாக வித்தியாசம் தெரியாது, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். லீடிங், டிரெய்லிங் ஒயர்களை யாராவது மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கார்புரேட்டர் கழுவுவது இதற்கெல்லாம் பிறகுதான், ஆனால் ரொம்ப நாள் நின்ற வண்டிக்கு அதுவும் தேவைப்படும்.

ஆயில் குறைகிறதே என்று பயப்படாதீர்கள். சீல்களுக்காகக் கொஞ்சம் ஆயிலை எரிப்பது இந்த எஞ்சினின் வழக்கம். ரேடியேட்டர் தண்ணீர் குறைந்து, வெள்ளைப்புகை வந்தால் மட்டும் விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பேப்பர் விஷயத்தில் தயவு பார்க்காதீர்கள். 15 வருஷம் தாண்டிய வண்டி, ஆர்சி ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். இறக்குமதி பேப்பர், ஆர்சியில் உள்ள சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஐயா பெயரிலேயே இருந்து அவர் இப்போது இல்லையென்றால், வாரிசு பெயருக்கு மாற்றியபிறகே பணம். ஒரு வீட்டிலிருந்து தனியாக வாங்குவதால், பின்னால் கோளாறு என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, அதற்கு வியாபாரியோ ஒர்க்‌ஷாப்போ எதிரில் இருக்க வேண்டும். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே, சோதனையில் சீல் போயிருந்தால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, பஃப் சமமாக இருந்து, ஹோஸ் மாற்றி ஐடிலிங் நின்றுவிட்டால் காரைக்குடி வரை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒன்று சமமில்லை என்றாலும், எஞ்சின் ஓடாத வண்டியின் விலைக்குக் கொடுத்தால் மட்டும் யோசியுங்கள். போகும்போது காலையிலேயே போங்கள், நீங்கள் வரும்வரை யாரும் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள், ஆறிக் கிடக்கும் எஞ்சினின் முதல் ஸ்டார்ட்டை நீங்களே கேட்க வேண்டும்.