பூக்கடையில நின்ன அனுபவத்த இன்டர்வியூல எப்படி சொல்றது?

திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. பி.காம் முடிச்சு ஒரு வருஷம் ஆச்சாம், அப்பாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல கடை, காலையில அங்கதான் நிக்கிறாராம். ரெண்டு இன்டர்வியூல "உங்க சாஃப்ட் ஸ்கில்ஸ் என்ன"ன்னு கேட்டப்போ கம்யூனிகேஷன், லீடர்ஷிப், டீம் வொர்க்னு சொல்லிருக்காரு, ரெண்டுலயும் திரும்ப கூப்பிடல. அடுத்த வாரம் இலந்தைகுளம் ஐடி பார்க்ல கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு இன்டர்வியூ. "எக்ஸ்பீரியன்ஸே இல்லாதவன் இதெல்லாம் எப்படிண்ணே காட்டுறது?"

தம்பி, எக்ஸ்பீரியன்ஸ் இல்லன்னு சொல்லிட்டு அதே மூச்சுல பூக்கடையில நிக்கிறேன்னும் எழுதிருக்கீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிருச்சு. நான் பத்து வருஷத்துக்கு மேல இன்டர்வியூ பேனல்ல உக்காந்துட்டு இருக்கேன், நம்ம பக்கத்து புள்ளைங்க நெறைய பேரு இப்படித்தான் கையில இருக்குறத வீட்டுலயே வச்சுட்டு வர்றாங்க.

எங்க பக்கம் என்ன நடக்குதுன்னு சொல்றேன். எங்க கையில ஒரு மார்க் ஷீட் இருக்கும், ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் நேரா மார்க் போடணும், பக்கத்துலயே ஏன் அந்த மார்க்குன்னு ரெண்டு வரி எழுதணும். நீங்க வெறும் "டீம் வொர்க்"னு சொன்னா அந்த ரெண்டு வரியில நான் என்னத்த எழுதுறது? நடந்த ஒரு விஷயத்த சொன்னீங்கன்னா எழுதலாம்.

இப்ப உங்க கடையையே எடுத்துக்குவோம். தை மாசம், பனியில மல்லி வரத்து கம்மி, அதுல முகூர்த்த நாள் வேற, சில நூறு ரூபாய்க்கு போற மல்லி கிலோ ஆயிரத்த தாண்டிரும். முன்னாடியே ஒரு விலை பேசி கல்யாண வீட்டுக்காரங்க அட்வான்ஸ் குடுத்திருப்பாங்க. நீங்க என்ன பண்ணீங்க? விடியகாலையில விலை ஏறுனது தெரிஞ்ச உடனே அவங்களுக்கு போன் போட்டு நிலவரத்த சொல்லி, அவங்க கத்துனத குறுக்க பேசாம கேட்டு, "மாலைக்கு மல்லி வைப்போம், தலைக்கு பிச்சி கலந்து தரேன், பேசுன பணத்துக்குள்ள முடிச்சிரலாம்"னு சொல்லி, ஏழு மணிக்குள்ள மண்டபத்துல எறக்கியிருந்தீங்கன்னா, அதுக்குள்ள கம்யூனிகேஷன், பொறுமை, பிரச்சனைய தீர்க்குறது எல்லாமே இருக்கு. கஸ்டமர் சப்போர்ட் வேலையே அதுதான தம்பி! இது நான் சும்மா உதாரணத்துக்கு சொன்னது, உங்களுக்கு நெசமா நடந்தத எடுங்க, நடக்காதத சொன்னா "அப்புறம் அவங்க என்ன சொன்னாங்க"ன்னு ஒரு கேள்வி கேப்போம், அங்கேயே மாட்டிக்குவீங்க.

சொல்ற வரிசைக்கு ஸ்டார் (STAR) மெத்தட்னு பேரு, Situation, Task, Action, Result-ங்குற நாலு வார்த்தையோட மொத எழுத்து. நிலைமை என்ன, உங்க பொறுப்பு என்ன, நீங்க என்ன செஞ்சீங்க, கடைசியில என்ன ஆச்சு. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போக வேணாம், மொத ரெண்டையும் நாலு வரியில முடிச்சிட்டு மூணாவதுலதான் நேரம் எடுக்கணும். நம்மாளுங்க கதைய ஆரம்பிச்சா மார்க்கெட் வரலாறுலயே நேரத்த போக்கிருவாங்க.

இன்னொன்னு, இது நம்ம பழக்கத்துலயே இருக்கு. நாம "நான்"னு சொல்ல கூச்சப்படுவோம், "நாங்க பண்ணோம், நாங்க பாத்துக்கிட்டோம்"போம். வீட்டுல அது மரியாதை, ஆனா பேனல்ல இருக்குறவங்களுக்கு அதுல உங்க பங்கு எதுன்னே தெரியாது. "அப்பா பூ எடுக்க போனாரு, போன் பேசுனது நான்"னு பிரிச்சு சொல்லுங்க, அது பெருமை பேசுறது ஆகாது.

சொல்றது பாதிதான், மீதிய நீங்க உக்காந்திருக்குற விதத்துலயே பாத்துருவோம். ஒரு தடவ எங்க பேனல்ல ஒருத்தர் ஒரே மூச்சுல ரெண்டு கேள்விய சேத்து கேட்டாரு, மேலூர் பக்கத்து பொண்ணு ஒன்னு சின்ன நோட்டுல ரெண்டயும் குறிச்சுக்கிட்டு, மொதலுக்கு பதில் சொல்லி முடிச்சிட்டு "ரெண்டாவதா நீங்க கேட்டது"ன்னு ஆரம்பிச்சுச்சு. லிசனிங் ஸ்கில்லுக்கு நேரா நான் போட்ட முழு மார்க் அது, அந்த புள்ள அந்த வார்த்தைய வாயிலயே எடுக்கல. கேள்வி புரியலன்னா "இன்னொரு தடவ சொல்ல முடியுமா சார்"னு கேளுங்க, யோசிக்கணும்னா பத்து செகண்ட் எடுத்துக்கங்க, தப்பே இல்ல.

இங்கிலீஷ் பயம் இருக்கும். சின்ன சின்ன வாக்கியமா பேசுங்க, நடுவுல வார்த்தை வரலன்னா தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லிக்கலாமான்னு கேட்டுட்டு தொடருங்க. முழிச்சிக்கிட்டு நிக்கிறதுக்கு அது எவ்வளவோ தேவல.

இந்த ஒரு வாரத்துல மூணு சம்பவம் ரெடி பண்ணுங்க. கோவப்பட்ட ஆள சமாளிச்சது ஒன்னு, நாலு பேரோட சேந்து வேல பாத்தது ஒன்னு, நீங்களே தப்பு பண்ணி அத சரி பண்ணது ஒன்னு. மூணாவத மறைக்காதீங்க, கண்டிப்பா கேப்பாங்க. போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, "ஆக்சுவலி, ஆக்சுவலி"ன்னு எத்தன தடவ வருதுன்னு உங்களுக்கே தெரியும். கடைசியில "எங்ககிட்ட எதாவது கேக்கணுமா"ன்னு கேப்பாங்க, அப்ப இல்லன்னு எந்திரிச்சிராதீங்க, "மொத மூணு மாசத்துல நான் எத கத்துக்கிட்டா உங்களுக்கு உதவியா இருக்கும்"னு கேளுங்க, அவங்க சொல்றத நோட்டுல குறிச்சுக்கிட்டு அப்புறம் கெளம்புங்க.