கடற்கரைச் சாலையில் பத்து நாள்: டயர், பூச்சு, அறை வாடகை

கேள்வி: ஓய்வு பெற்றவன், வயது 67. மனைவிக்கு 63. கடலை ஒட்டிய சாலையிலேயே பத்து நாள் காரில் போய்வரத் திட்டம். ஒன்பது இரவில் நடுவே மூன்று மகள் வீட்டில், பேத்தியோடு. மற்ற ஆறும் வெளியில் அறை எடுத்து. சொந்தக் கார்தான்; எட்டு வருடத்தில் 31,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்டால் நாலு டயரையும் மாற்றச் சொல்கிறார்கள். பட்டன் தேயவே இல்லை. உப்புக் காற்று அரித்துவிடுமாம், அதனால் வண்டிக்கு அடியில் பூச்சும் அடிக்க வேண்டுமாம். ஏமாற்றுகிறார்களா? அறைகளுக்கு இப்போதே முழுப் பணம் கட்டினால் 15 சதவீதம் குறைகிறது. ரத்து செய்தால் பைசா திரும்பாது. கட்டிவிடலாமா?

பதில்: டயர் விஷயத்தில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூச்சுதான் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பது.

வாசலில் நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் நீண்ட குறியீடு ஒன்று இருக்கும். அதன் கடைசி நாலு இலக்கம்தான் டயரின் பிறந்த தேதி. 3117 என்று இருந்தால் 2017ஆம் ஆண்டின் 31ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் தொடக்கத்தில் செய்தது. இந்த நாலு இலக்கம் கண்ணில் படாவிட்டால் அதே டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள். சில டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் முழுக் குறியீடு இருக்கும்.

ஓடாத வண்டியின் டயருக்கும் வயதாகிறது. ரப்பர் இறுகிப்போகும், ஈரச் சாலையில் பிடிப்பு குறையும். கட்டை விரலால் பக்கவாட்டை அழுத்திப் பாருங்கள். காய்ந்த குளத்துத் தரை மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அந்த டயரை நம்பி நெடுந்தூரம் போகாதீர்கள். ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், பத்து வருடம் ஆனால் தேயாவிட்டாலும் மாற்ற வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பலவும் சொல்வது. எட்டு வருட டயரோடு, நல்ல வெயிலில், இரண்டு பேர் சாமான் ஏற்றிக்கொண்டு போவதென்றால் நான் மாற்றிவிடுவேன். ஸ்டெப்னிக்கும் அதே வயதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

வாங்கும்போது புது டயரிலும் அந்த நாலு இலக்கத்தைப் படியுங்கள். கடையின் மூலையில் மூன்று வருடம் கிடந்ததும் ‘புதுசு’தான். பழைய தேதி என்றால் வேறு எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். கையில் பணம் இப்போதைக்கு இரண்டுக்குத்தான் என்றால் புது டயர்களைப் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்னால்தான் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம்.

சரி, பூச்சு. பத்து நாள் உப்புக் காற்றில் எந்த வண்டியும் அரித்துப்போகாது. உப்பும் ஈரமும் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டே இருந்தால்தான் துரு வேலை காட்டும். எட்டு வருட வண்டியின் அடியில் ஏற்கெனவே கொஞ்சம் துரு இருக்கும். சுத்தமாகச் சுரண்டாமல் அதன் மேலேயே பூச்சு அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடிய கதைதான். கதவின் அடி விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், சின்னச் சின்னத் துளைகள் தட்டுப்படும். உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அது. அவசரத்தில் அடிக்கிற பூச்சு சில சமயம் அதையும் அடைத்துவிடுகிறது.

அதற்குப் பதில் மகள் வீட்டில் ஒருமுறை, திரும்பி வந்ததும் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் கழுவுங்கள். பேத்தி கையில் ஹோஸைக் கொடுத்தால் உங்களையும் சேர்த்துக் கழுவிவிடுவாள். கடல் பக்கம் இரவு நிறுத்திய வண்டியை காலையில் எடுக்கும்போது பிரேக்கில் கரகரவென்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். டிஸ்க்கில் மேலோட்டமாகப் படிந்த துரு அது. நாலு தடவை மிதித்தால் போய்விடும். போகாவிட்டால் மட்டும் மெக்கானிக்.

இன்னொன்று: படம் எடுக்கிற ஆசையில் வண்டியை மணலில் இறக்காதீர்கள். வழியில் நின்றால் இழுத்துப்போகும் உதவித் திட்டங்கள் பல, சாலையை விட்டு இறங்கிய வண்டிக்குப் பொறுப்பேற்பதில்லை.

அறைக்கு வருவோம். ஆறு இரவில் 15 சதவீதம் என்றால் நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒரு இரவு வாடகைகூட இல்லை. ஒரே ஓர் இரவு தங்காமல் போனாலும் மிச்சம் பிடித்தது முழுக்கப் போய்விடும். மகள் வீட்டிலிருந்து கிளம்புகிற காலையில் பேத்தி காரின் முன்னால் நின்றுகொண்டு “இன்னும் ஒரே நாள் தாத்தா” என்றால் என்ன செய்வீர்கள்? அதனால் போகும்போது தங்கும் மூன்று இரவுக்கு மட்டும் முழுப் பணம் கட்டுங்கள், அது மாறப் போவதில்லை. திரும்பும் மூன்றுக்கு, விலை கூடினாலும், ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள். எந்த நாள், எத்தனை மணி வரை ரத்து செய்யலாம் என்பதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடியைவிடப் பெரிய சலுகை உங்கள் கையிலேயே இருக்கிறது: உங்களுக்குத் திங்கள்கிழமையும் லீவுதான். செவ்வாய் கிளம்புங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகள் மகள் வீட்டில். வேலைக்குப் போகிறவர்களும் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். கடற்கரை அறைகளுக்கு வாடகை ஏறுகிற நாட்களும் பெரும்பாலும் அவைதான். திங்களன்று கிளம்பினால் வியாழன் வீடு வந்து சேரலாம்.

கேள்வி (அதே கடிதத்தின் அடியில், மனைவி எழுதியது): நான் இன்சுலின் போடுகிறேன். தண்ணீரில் நனைத்தாலே குளிர்ச்சியாக வைத்திருக்கும் பை ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா? அப்புறம், போலரைஸ்டு கண்ணாடிக்கு இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள்.

பதில்: அந்தப் பை வேலை செய்வது தண்ணீர் ஆவியாவதால், மண்பானை மாதிரி. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் ஆவியாவது குறைவு, குளிர்ச்சியும் குறைவு. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்த அளவுக்குப் பையால் இறக்க முடியாது. சின்ன ஐஸ் பெட்டியும் ஐஸ் பேக்கும் போதும். ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றி வையுங்கள், மருந்தில் நேராகப் படக் கூடாது. உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். உபயோகத்தில் இருக்கிற பேனா வெளியிலேயே இருக்கலாம், பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் 28 நாள் வரை தாங்கும். உங்கள் மருந்தின் கணக்கை அதன் துண்டுச்சீட்டில் பாருங்கள். சாப்பிட இறங்கும்போது கைப்பையோடு இன்சுலினும் இறங்கட்டும், பூட்டிய காரில் விட வேண்டாம்.

கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு, போலரைஸ்டு வேறு. முதலாவது கட்டாயம், யுவி400 என்று போட்டிருக்கும். இரண்டாவது தண்ணீரிலிருந்து அடிக்கிற கூச்சத்தைக் குறைக்கும், கடலோரம் ஓட்டுகிறவருக்கு உண்மையிலேயே சுகம். ஓட்டுகிறவருக்கு மட்டும் வாங்கினால் போதும். கடையிலேயே கண்ணாடியைப் பிடித்தபடி உங்கள் போன் திரையைப் பார்த்து மெதுவாகத் திருப்புங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டால் போலரைஸ்டுதான். அதே காரணத்தால் வண்டியின் திரையும் மங்கலாகத் தெரியலாம், ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.