ஒரு வாக்கியமும் ஒரு பெயரும்

கேள்வி: இராக் போர் சமயத்தில் ஒரு சிஐஏ பெண் அதிகாரியின் பெயர் வெளியானதே, அது என்ன விவகாரம்? (மதுரை வாசகர்)

பதில்: 2003 ஜனவரியில், போருக்கு முன்பு, அமெரிக்க அதிபர் புஷ் தன் ஆண்டு உரையில், இராக் அதிபர் சதாம் ஆப்பிரிக்காவில் அணுகுண்டுக்கு உதவும் யுரேனியம் வாங்கப் பார்த்ததாக பிரிட்டிஷ் அரசு கண்டறிந்தது என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதற்கு முந்தைய வருடமே அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அனுப்பி, ஆப்பிரிக்க நாடான நைஜருக்குப் போய் இதை விசாரித்து வந்தவர் முன்னாள் தூதர் ஜோசப் வில்சன். அந்த யுரேனியப் பேச்சை நம்ப முடியாது என்று ஜூலை 6 அன்று நியூயார்க் டைம்ஸில் எழுதிவிட்டார். எட்டே நாளில், அவர் மனைவி வேலரி பிளேம் சிஐஏ ஆள் என்று பத்திரிகையாளர் ராபர்ட் நோவாக்கின் பத்தியில் அச்சாகி, அந்த அம்மாவின் ரகசியப் பணி அன்றோடு போச்சு.

அப்புறம் கட்சிச் சண்டைதான். பழிவாங்கல் என்றது ஜனநாயகக் கட்சி, மனைவி சிபாரிசில் போன பயணம் என்றது குடியரசுக் கட்சி. நோவாக்கிடம் அந்தப் பெயர் விஷயத்தை முதலில் சொன்ன வெளியுறவுத் துணை அமைச்சர் ஆர்மிடேஜ் மீது வழக்கே இல்லை. இந்தக் கசிவு பற்றிய விசாரணையில் பொய் சாட்சியம் சொன்ன, துணை அதிபர் செனியின் அலுவலகத் தலைவர் லிபிக்கு 2007-ல் 30 மாதச் சிறை, அதை புஷ் ரத்து செய்தார், 2018-ல் டிரம்ப் மன்னிப்பே கொடுத்தார்.

எனக்கு ஆறாதது வேறு. அதே 2003 ஜூலையில் இராக் பற்றிய ரகசிய உளவு அறிக்கையிலிருந்து தங்களுக்குச் சாதகமான பகுதிகளை இதே லிபி ஒரு நிருபரிடம் சொல்லியிருக்கிறார், அதற்கு அதிபரின் அனுமதி இருப்பதாக துணை அதிபர் செனி தன்னிடம் சொன்னார் என்று சாட்சியமும் அளித்தார்.